துரை பங்களாவும் பூட்டிய அறையும்: கோத்திக் மர்ம நாவல் நம்மை ஏன் இழுக்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாலு பேர் உட்கார்ந்து புத்தகம் பேசும் இடத்தில் “கோத்திக் த்ரில்லர்” என்று சொல்லிப் பாருங்கள். “பேய்க்கதைதானே?” என்று உடனே ஒரு பதில் வரும். இன்னொருவர் “இல்லை, கொலைக்கதை” என்பார். மூன்றாமவர் பழைய பங்களா, மழை, மெழுகுவர்த்தி என்று அட்டைப்படத்தை வைத்தே பேச்சை முடித்துவிடுவார். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பேய் ஒன்றுகூட வராத கோத்திக் நாவல்கள் நிறைய இருக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் பேய் வந்தும் கோத்திக் ஆகாமல் போன கதைகள் அதைவிட நிறைய.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ரப்பர் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த எழுத்து கிட்டத்துச் சொந்தம். மேட்டில் வெள்ளைக்கார நிர்வாகியின் துரை பங்களா, பள்ளத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம், இரண்டுக்கும் நடுவில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சில சங்கதிகள். இதைவிடப் பொருத்தமான களம் ஐரோப்பாவில்கூட இருக்காது என்பது என் எண்ணம்.

பிள்ளை வந்ததும் நிற்கும் பேச்சு

லயத்து வாசல் நடையான அஞ்சடியில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிள்ளை அந்தப் பக்கம் வருகிறது. பேச்சு சட்டென்று நிற்கிறது. “போய் விளையாடு” என்கிறார் ஒருவர். இன்னொருவர் மழையைப் பற்றி ஆரம்பிக்கிறார். அந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும்? விஷயம் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது என்று தெரியும். அது பெரியது, நம் வீட்டு ஆட்களுக்கும் அதில் பங்கு உண்டு என்பதுகூடத் தெரியும். அன்றிலிருந்து அது துணுக்குத் துணுக்காகச் சேர்க்க ஆரம்பிக்கும். எந்தப் பெயரைச் சொன்னால் பாட்டி எழுந்து உள்ளே போகிறார்? எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் நம் வீட்டிலிருந்து யாரும் போவதில்லை?

கோத்திக் மர்ம நாவல் வாசகரை அந்தப் பிள்ளையின் இடத்தில் உட்கார வைக்கிறது. பேய் வருவதற்கு முன்பே, பிணம் கிடைப்பதற்கு முன்பே, கதைக்குள் ஒரு மௌனம் இருக்கிறது. அந்த மௌனம்தான் நம்மைப் பக்கம் புரட்ட வைக்கிறது. மற்றதெல்லாம் அதைக் காப்பாற்றவும் கடைசியில் உடைக்கவும் எழுத்தாளர் பயன்படுத்தும் வழிகள்.

மூன்று பெயர், மூன்று கேள்வி

கோத்திக், மர்மம், த்ரில்லர் என்று மூன்று பெயரை ஒட்டிச் சொல்கிறோமே, ஒவ்வொன்றுக்கும் தனி வேலை இருக்கிறது.

கோத்திக் என்பது, முன்னொரு காலத்தில் நடந்த அநியாயம் ஓர் இடத்திலேயே தங்கிவிட்டு, இன்று அங்கே இருப்பவர்களை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கதை. பெயர், ஐரோப்பாவின் இடைக்காலத்துக் கட்டடப் பாணியிலிருந்து வந்தது. ஹோரஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1764இல் வெளியிட்ட ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்ற நாவலை இந்த வகைக்கு முதலாவதாகச் சொல்வார்கள். அதை அவர் தம் பெயரில்கூட வெளியிடவில்லை. பழைய இத்தாலிய நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பு என்று சொல்லித்தான் வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில்தான் எழுதியது தாமே என்று ஒப்புக்கொண்டு, ‘ஒரு கோத்திக் கதை’ என்ற வரியையும் சேர்த்தார். இந்த வகை எழுத்து பிறக்கும்போதே ஒரு மறைப்போடு பிறந்திருக்கிறது.

மர்மக் கதை என்பது, நடந்து முடிந்த ஒன்றின் உண்மையைத் தடயங்களைக் கொண்டு கண்டுபிடிக்கும் கதை. தமிழுக்கு இது புதிதில்லை. வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஆரணி குப்புசாமி முதலியார் போன்றவர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்தார்கள்.

த்ரில்லர் என்பது, இனி நடக்கப்போகும் ஆபத்தை நேரம் தீர்வதற்குள் தடுத்தாக வேண்டிய கதை.

கேள்விகளாகப் பார்த்தால் இன்னும் தெளிவு. “இந்த வீட்டில் என்ன நடந்தது?” என்பது கோத்திக் கேட்பது. “யார் செய்தது, எப்படி?” என்பது மர்மம் கேட்பது. “இவள் தப்பிப்பாளா?” என்பது த்ரில்லர் கேட்பது. முதல் கேள்வி பழைய காலத்தைப் பார்க்கிறது, கடைசிக் கேள்வி நாளையைப் பார்க்கிறது, நடுவில் விசாரணை இன்றைக்கு நடக்கிறது. நல்ல நாவலில் மூன்றுக்கும் ஒரே பதில்தான். பழைய அநியாயத்தைக் கண்டுபிடித்தால்தான் நாளைய ஆபத்திலிருந்து தப்ப முடியும், கண்டுபிடிக்கப் போவதால்தான் ஆபத்தே நெருங்குகிறது. இந்த முடிச்சு சரியாக விழுந்துவிட்டால் வாசகர் புத்தகத்தைக் கீழே வைப்பது கஷ்டம்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்

வெறும் விளக்கம் போதாது. நம் மண்ணிலேயே ஒரு கதையைக் கற்பனை செய்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம்.

1985. பேராக்கில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட துண்டாடல் காலத்தில் பங்களாவோடு ஒரு துண்டை வாங்கிய குடும்பம், இப்போது அதைத் தாமான், அதாவது குடியிருப்பு, கட்டுவதற்கு விற்கிறது. பழைய தாள்களைப் பிரித்து ஒழுங்குபடுத்த மல்லிகா என்ற இளம்பெண் ஈப்போவிலிருந்து வந்து பங்களாவில் தங்குகிறாள். வீட்டுக்காரர் மரியாதையான மனிதர், கோயில் தலைவர், “வாம்மா, நம்ம வீடுன்னு நெனச்சுக்கோ” என்று வரவேற்கிறார். அவருடைய அப்பா ஜப்பான்காரன் காலத்தில் இதே தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது அலுவலகத் தலைமை எழுத்தர். அம்மா படுத்த படுக்கையாகப் பின்கட்டு அறையில் இருக்கிறார். அந்த அறை வெளியிலிருந்து பூட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சிமெண்டுப் பலகை போட்டு மூடிய கிணறு. லயத்தில் மிச்சமிருக்கும் கிழவிகள் வெள்ளிக்கிழமை அங்கே விளக்கு வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் “முனி இருக்கு” என்பதோடு சரி.

மல்லிகா பழைய செக்ரோலை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டை, புரட்டுகிறாள். 1943 மே மாதத்தில் முனியன் என்ற பால்வெட்டுத் தொழிலாளியின் பெயர் அடிக்கப்பட்டு, பக்கத்தில் “சயாம்” என்று எழுதியிருக்கிறது. அதில் ஆச்சரியமில்லை. 1942-43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். ஏராளமானோர் திரும்பவே இல்லை. ஆனால் வேறொரு தாள்கட்டுக்குள், அரிசிக் கணக்கில், அதே முனியனின் கைநாட்டு ஜூன் மாதத் தேதியோடு இருக்கிறது. சயாமுக்குப் போனவன் ஜூனில் எப்படி அரிசி வாங்கினான்?

இந்த இடத்தில் மர்மம் தொடங்குகிறது. கைநாட்டு ஒரு தடயம், அதாவது நடந்ததைக் காட்டிக்கொடுக்கும் பொருள். கூடவே வாசகரைத் திசைதிருப்ப ஒரு பொய்த் தடயமும் வேண்டும். தப்பான ஆள்மேல் சந்தேகம் விழ வைக்கும் குறிப்புக்கு அதுதான் பெயர். தோட்டத்துப் பழைய தண்டல் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) ஒருவர் மல்லிகாவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார் என்று வைப்போம். குற்றவாளி இவர்தான் என்று நாம் நம்புவோம். உண்மையில் அவர் பயந்த சாட்சி.

கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வெளிவருகிறது. சயாம் பட்டியலில் யார் பெயரைச் சேர்ப்பது என்பது கிராணியின் கையில் இருந்தது. காசும் நகையும் கொடுத்தவர்களின் பெயர் விடுபட்டது. இல்லாதவன் பெயர் ஏறியது. முனியன் அதை நாலு பேர் முன்னால் கேட்டான். அவன் லாரியில் ஏறவே இல்லை. கிணற்றில் கிடக்கிறான். ஊரே சயாமுக்குப் போய்ச் செத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவன் காணவில்லை என்றால் யார் தேடுவார்கள்? ஒரு பேரழிவின் நிழலில் ஒரு கொலையை ஒளித்து வைத்திருக்கிறார் கிராணி.

துண்டாடலின்போது பங்களாத் துண்டை அந்தக் குடும்பம் ஏன் வாங்கியது என்ற கேள்விக்கும் இப்போது பதில் கிடைத்துவிடுகிறது. வேறு யாராவது வாங்கியிருந்தால் கிணற்றைத் தூர் வாரியிருப்பார்கள்.

த்ரில்லரின் கடிகாரம்? வியாழக்கிழமை காலை புல்டோசர் வருகிறது. கிணறு நிரப்பப்பட்டு மேலே வீடு எழும்பிவிடும், செக்ரோல் எரிக்கப்படும். செவ்வாய்க்கிழமை இரவு, வீட்டுக்காரர் மல்லிகாவின் மேசையில் அரிசிக் கணக்குக் கட்டு திறந்திருப்பதைப் பார்த்துவிடுகிறார். அதை அவர் பார்த்தது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதைக் கவனியுங்கள். மர்மத்தில் நமக்குத் தெரிந்தது குறைவு, த்ரில்லரில் பாத்திரத்தைவிட நமக்குத் தெரிந்தது அதிகம். கைதேர்ந்த எழுத்தாளர் ஓர் அத்தியாயத்தில் நம்மை இருட்டில் விடுவார், அடுத்ததில் நமக்கு மட்டும் வெளிச்சம் காட்டுவார். “ஐயோ, அந்தப் பக்கம் போகாதே” என்று நம் மனம் பதறுவது இந்த மாற்றத்தால்தான்.

மல்லிகாதான் முனியனின் பேத்தி என்று கடைசியில் ஒரு திருப்பம் வைக்க ஆசை வரும். நான் வைக்க மாட்டேன். ரத்த சம்பந்தம் இருந்தால்தான் ஒருவருடைய சாவுக்கு நியாயம் கேட்க வேண்டும் என்று அது சொல்லிவிடும்.

இதுவரை பார்த்ததைக் கோத்துக்கொள்வோம். ஓர் இடம், அதில் ஒளிந்த ஓர் அநியாயம், அதை ஒளித்ததால் இன்றைக்கும் பலன் அடையும் ஒருவர், வெளியிலிருந்து வந்து கேள்வி கேட்கும் ஒருத்தி, தீர்ந்துகொண்டிருக்கும் நேரம். பேய் இன்னும் வரவில்லை.

பயம் எப்படிச் சுகமாகிறது?

“பணம் கொடுத்து ஏன் பயப்பட வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. எட்மண்ட் பர்க் என்ற சிந்தனையாளர் 1757இலேயே இதற்கு ஒரு பதில் எழுதினார். ஆபத்து ரொம்பக் கிட்டே வந்தால் அதில் எந்த இன்பமும் கிடையாது, வெறும் பயங்கரம்தான். அதே ஆபத்து கொஞ்சம் தள்ளி நின்றால் மனதுக்கு ஒரு கிளர்ச்சி கிடைக்கிறது என்றார். நாவல் அந்தத் தூரத்தைக் கொடுக்கிறது. புல்டோசர் மல்லிகாவைத்தான் நெருங்குகிறது. நாம் கட்டிலில் படுத்திருக்கிறோம்.

பயத்திலும் இரண்டு வகை இருக்கிறது. இதைப் பிரித்துக் காட்டியவர் ஆன் ராட்கிளிஃப், 1790களில் கோத்திக் நாவலை ஊர் உலகமெல்லாம் படிக்க வைத்த ஆங்கில எழுத்தாளர். அவர் இறந்த பிறகு 1826இல் வெளியான ஒரு கட்டுரையில், வரப்போவதை எண்ணி உண்டாகும் பயம் மனதை விரிக்கிறது, கண்முன் கொட்டிவிட்ட கோரம் மனதைச் சுருக்கி உறைய வைக்கிறது என்று எழுதினார். முதலாவதைத் திகில் என்றும் இரண்டாவதைக் கோரம் என்றும் வைத்துக்கொள்ளலாம். கிணற்றுப் பலகை நேற்று இருந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்பது திகில். எலும்புக்கூட்டை இரண்டு பக்கத்துக்கு வர்ணிப்பது கோரம். திகிலில் நம் மனமும் சேர்ந்து வேலை செய்கிறது, யார் நகர்த்தியது என்று தேடுகிறது. கோரத்தில் அதற்கு வேலையே இல்லை. ரத்தத்தைக் கொட்டினால்தான் பயம் வரும் என்று நம்பும் எழுத்தாளர்கள் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

பேயா, ஆளா?

சரி, இப்போது பேய். மழை பெய்யும் இரவுகளில் பின்பக்கம் பால்வாளி தட்டும் சத்தம் கேட்கிறது. மரங்களில் பால் வெட்டுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. பின்கட்டு அறையிலிருந்து கிராணியின் மனைவி “அவன் போகலை, அவன் போகலை” என்று முனகுகிறார்.

சத்தம் முனியனின் ஆவியா? அல்லது மல்லிகாவைக் கிணற்றுப் பக்கம் வரவழைக்க அந்தப் பயந்த தண்டல் செய்யும் வேலையா? த்ஸ்வெட்டன் தொதோரோவ் என்ற இலக்கிய அறிஞர் 1970இல் வெளிவந்த தம் நூலில் இந்த நிலையை விளக்கினார். நடப்பது இயற்கையானதா, அதற்கு அப்பாற்பட்டதா என்று முடிவு செய்ய முடியாமல் வாசகர் நிற்கும் நிலை அது. அதற்குத் தயக்கம் என்று பெயர். தயக்கம் நீடிக்கும்வரைதான் அந்த மாய உணர்வு உயிரோடு இருக்கும், இது பேய்தான் என்றோ ஆள்தான் என்றோ முடிவாகிவிட்டால் கதை வேறு வகைக்குப் போய்விடும் என்பது அவர் கருத்து.

பேய்க்கதைக்கும் கோத்திக் மர்மத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிடிபடும். பேய்க்கதை பேயை நம்பச் சொல்கிறது. கோத்திக் மர்மம் நம்பவும் விடாமல், மறுக்கவும் விடாமல் நம்மை வாசற்படியில் நிறுத்தி வைக்கிறது. ராட்கிளிஃப் தம் நாவல்களில் ஆவி வேலை போலத் தெரிந்ததற்கெல்லாம் கடைசியில் இயல்பான காரணம் சொல்லிவிடுவார். 2005இல் நம் ஊர்த் திரையரங்குகளை நிரப்பிய ‘சந்திரமுகி’யும் அந்த வழிதான். அரண்மனை, பூட்டிய அறை, முன்பு கொல்லப்பட்ட நடனக்காரி எல்லாம் இருந்தும், அடியில் இருப்பது ஒரு பெண்ணின் மனநோய். தமிழில் இந்திரா சௌந்தர்ராஜன் கோயில், சித்தர், குலதெய்வம் என்று போகும் மர்மங்களைப் பெரும்பாலும் முழுதாகக் கட்டவிழ்க்காமல், நம்பிக்கைக்கும் ஒரு பக்கம் இடம்விட்டு எழுதினார். இரண்டு வழியிலும் நல்ல நாவல் வரும்.

ஏன் எப்போதும் ஒரு வீடு?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவைத் தாண்டித் தெற்கே போனால் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் கெல்லிஸ் கோட்டை நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், தோட்ட முதலாளி, 1915இல் கட்ட ஆரம்பித்தது. சென்னைப் பக்கத்திலிருந்து தமிழ்க் கைவினைஞர்களை வரவழைத்தார். மின்தூக்கிக்குக்கூடக் கட்டடத்தில் இடம் விட்டிருக்கிறது. நடுவில் ஸ்பானிய காய்ச்சல் வந்து வேலையாட்களில் பலரைக் கொண்டுபோனது. தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டதால் அருகில் மாரியம்மன் கோயில் ஒன்றையும் கட்டிக் கொடுத்தார். அதன் மேல் இருக்கும் சிலைகளில் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் உருவம் அவருடையதுதான் என்று இன்றும் காட்டுவார்கள். 1926இல் போர்ச்சுகலுக்குப் போன இடத்தில் நிமோனியா வந்து ஸ்மித் இறந்துபோனார். மனைவி தோட்டத்தை விற்றுவிட்டார். கோட்டை முடியாமலேயே நின்றுவிட்டது.

அங்கே பேய் இருக்கிறது, சுரங்கம் இருக்கிறது என்று எத்தனையோ பேச்சு. நான் கவனிப்பது வேறு. கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர்கள் ஸ்மித்தின் கதையைச் சொல்கிறார்கள், அவர் பிள்ளைகளின் பெயரைக்கூடச் சொல்கிறார்கள். காய்ச்சலில் செத்த தொழிலாளிகளில் ஒருவருடைய பெயரைச் சொன்னவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சுவரில் கல் வைத்தவர்கள் அவர்கள்தானே. கோத்திக் எழுத்தாளர் உள்ளே போனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: இங்கே யாருடைய பெயர் இல்லை?

வீடு இந்த நாவல்களுக்கு வெறும் பின்னணி இல்லை என்பது இதிலிருந்து புரியும். வீட்டைக் கட்டியவர் போய்விடுவார், வீடு போகாது. எந்த அறை யாருக்கு, எந்த வாசல் வழியாக யார் வரலாம், யார் பின்பக்கம் நிற்க வேண்டும் என்ற பழைய அதிகாரம் முழுக்கச் சுவராக நிற்கும். துரை பங்களா மேட்டில் இருந்ததற்கும் லயம் பள்ளத்தில் இருந்ததற்கும் காற்றோட்டம் மட்டும் காரணமில்லை. மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். அந்த அதிகாரம் ஒருநாள் தடுமாறியபோது பயம் மேட்டுக்கும் போனது. 1948 ஜூன் 16ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து பிரிட்டிஷ் ஆட்சி அவசரகாலம் அறிவித்தது. இந்த மண்ணில் கதை எழுதுபவர் பயத்தை வெளியூரிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை.

சுருக்கமாக, கோத்திக் நாவலில் வீடு என்பது பழைய அதிகாரத்தின் சாட்சி. அது பேசாது. அதைப் பேச வைப்பதுதான் கதாநாயகியின் வேலை.

முடிவை வைத்து எடை போடுவது

புதிதாகப் படிப்பவர்கள் ஒரு நாவல் நல்லதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். முடித்த பிறகு முதல் முப்பது பக்கத்தைத் திரும்பப் புரட்டுங்கள். பதிலுக்கான தடயம் அங்கேயே கண்முன் இருந்து, நாம் கவனிக்காமல் விட்டிருந்தால் எழுத்தாளர் நேர்மையாக நடந்திருக்கிறார். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு இரட்டைச் சகோதரனோ புது உயிலோ வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிட்டால் நம்மை ஏமாற்றியிருக்கிறார். மல்லிகா கதையில் அரிசிக் கணக்குக் கட்டை அவள் வந்த முதல் நாளே கையில் எடுத்து, தூசி தட்டி, ஓரமாக வைத்திருக்க வேண்டும்.

பால்வாளிச் சத்தத்துக்கு என்ன செய்வது? தண்டல்தான் தட்டினார் என்று சொல்லி முடிக்கலாம். முனியன்தான் தட்டினான் என்றும் முடிக்கலாம். எனக்குப் பிடித்தது மூன்றாவது. தண்டல் இரண்டு இரவு தட்டியதை ஒப்புக்கொள்கிறார், மூன்றாவது இரவு அவர் தைப்பிங் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார். அந்த ஒரு இரவை மட்டும் யாரும் விளக்காமல் விட்டுவிடலாம். ஆனால் கொலையை அப்படி விடக் கூடாது. முனியனை யார் கொன்றார், பட்டியலில் யார் பெயரை யார் ஏற்றினார் என்பதற்கு நாவல் தெளிவாகப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதையும் மங்கலாக விட்டுவிட்டு “வாசகரின் கற்பனைக்கு” என்று சொல்லும் எழுத்தாளர், அஞ்சடியில் பேச்சை நிறுத்திய பெரியவர்களின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.